செவிலிமேட்டில் நின்ற கார்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், நகர நெரிசல் தளர்ந்து பாலாற்றுப் பாலம் கண்ணில் படுவதற்குச் சற்று முன்னர் வரும் ஊர் செவிலிமேடு. தனிப் பேரூராட்சியாக இருந்து 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்தது. 2021இல் அந்நகராட்சி மாநகராட்சியானது. இலட்சுமி நரசிம்மர் கோயிலும், இராமானுசர் நாள்தோறும் நீர் சுமந்ததாக வைணவப் பெருமக்கள் போற்றும் சாலைக்கிணறும் இவ்வூரின் பழமையைச் சொல்வன. வந்தவாசிக்காரர்களாகிய எங்களுக்கோ, பட்டு எடுக்கப் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியே கடந்து போகும் ஊராகவே அது நெடுங்காலம் இருந்தது. நான் முதன்முதலாக அங்கே இறங்கி நின்றது, எங்கள் கார் புகைந்த அன்றுதான்.

தங்கை மகளின் நிக்காஹ்வுக்குச் சேலை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். மஃரிப் கழிந்து இருள் கவிந்த நேரம். முகப்பு விளக்கைப் போட்டுச் சில நிமிடங்கள்கூட ஆகியிரா. ரப்பர் கருகும் நெடி எழுந்தது. அடுத்த கணம் டாஷ்போர்டின் அடியிலிருந்து புகை கிளம்பிற்று. விளக்குகள் அணைந்தன. ஓரங்கட்டி நிறுத்தினேன். பின்னிருக்கையில் என் தாயார். முழங்கால் வலியால் காரை விட்டு இறங்கவே அவருக்கு இரண்டு பேர் துணை வேண்டும். நானும் தங்கையும் அவரை இறக்குவதற்குள், தேநீர்க் கடையில் நின்ற இளைஞர் ஒருவர் ஸ்பானருடன் ஓடிவந்து பேட்டரியின் முனையைக் கழற்றிவிட்டார். அதன் பின்னரே புகை அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் தீங்கில்லை. சேலைப் பொட்டலத்தில் மட்டும் அந்த நெடி சில நாள் இருந்தது.

கார், அத்தா வாங்கிய 1984ஆம் ஆண்டு அம்பாசிடர், மார்க் 4, பெட்ரோல் வண்டி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கிய வண்டி அது. 1950களின் இறுதியில் வெளிவரத் தொடங்கி, 2014இல் உற்பத்தி நின்றது. அதன் மின்னமைப்பும் பிரிட்டிஷ் முறையையே பின்பற்றியது. எங்கள் வண்டியில் ஃபியூஸ்கள் மிகக் குறைவு. முகப்பு விளக்குக்கு ஃபியூஸே இல்லை. அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் அதுவே வழக்கம்.

இளைஞர்கள் காரைத் தள்ளிச் சென்று, வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் பெரியவர் ஒருவரின் கொட்டகையில் விட்டார்கள். நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் அமராமல் இத்தொழிலுக்கு வந்தவர். கைவிளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பின்பு டாஷ்போர்டின் அடியிலிருந்து ஒரு கற்றையை இழுத்துக் காட்டினார். நாடா சுற்றிய ஒட்டுகள் பதினேழு எண்ணினேன். வானொலிக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று, ஹாலஜன் விளக்குக்கு இரண்டு. அத்தனையும் என் காலத்தில், என் பணத்தில் போடப்பட்டவை. அத்தா வைத்திருந்த வண்டியில் ஒட்டு எதுவும் இருந்ததில்லை.

“பாய், ஒயரை வளைத்துப் பாருங்கள்” என்றார். வளைத்தேன். மேலுறை முட்டையோடு போல உடைந்து செம்பு தெரிந்தது. இஞ்சின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பி.வி.சி. உறையை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெளியேறி, உறை கட்டையாகிவிடுமாம். போதாக்குறைக்கு, பத்தாண்டுகளுக்கு முன் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்தியிருந்தோம். டைனமோ தருவது இருபது ஆம்பியர் அளவு. ஆல்டர்னேட்டர் அதைவிட மிகுதியாகத் தர வல்லது. ஒயரோ டைனமோவுக்குப் போட்ட அதே ஒயர். கூடுதலாகச் சேர்த்த அத்தனை சுமையும் அந்த மெலிந்த ஒயரின் தலையில்தான் விழுந்திருக்கிறது.

அன்றிரவே ஒட்டுப்போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். “தருகிறேன். ஆனால் அம்மாவை அதில் ஏற்றாதீர்கள்” என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. கார் அங்கேயே நின்றது. நாங்கள் பேருந்தில் ஊர் திரும்பினோம்.

எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தவணையும் நெருங்கிவிட்டது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, “அந்தக் காரில் ஏறுவதற்குத்தான் எனக்குக் கால் மடங்குகிறது” என்றார். உண்மைதான். இக்காலக் கார்கள் சிலவற்றில் அவர் குனிந்தே நுழைய வேண்டும்.

ஒயரிங் கிட் முழுவதையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. சென்னையில் வாகன உதிரிப் பொருள்களுக்குப் பேர்போன ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்றேன். கடைக்காரர் எந்த மார்க், பெட்ரோலா டீசலா, டைனமோவா ஆல்டர்னேட்டரா என்று கேட்டார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து முதல் இரண்டையும் சரியாகச் சொன்னேன். மூன்றாவதற்கு, வண்டி பிறந்தபோது இருந்ததைச் சொல்லிவிட்டேன். செவிலிமேட்டில் பொட்டலத்தைப் பிரித்த பெரியவர் சிரித்தார். கட்-அவுட் பெட்டிக்குப் போகும் ஒயர்கள் அதில் இருந்தன. ஆல்டர்னேட்டருக்கு அந்தப் பெட்டியே தேவையில்லை. மறுபடியும் சென்னைப் பயணம்.

இம்முறை அவர் சொல்லியனுப்பியபடி நுனியைச் சீவிப் பார்த்தேன். உள்ளே செம்பு போலத் தோன்றுவது சில மட்டமான சரக்கில் செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். இழையைச் சுரண்டினால் வெண்மை தெரியும். தடிமனையும் கேட்டேன். 60 வாட் விளக்கு இரண்டும் 12 வோல்ட்டில் பத்து ஆம்பியர் இழுக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஐந்து மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். இரண்டரைச் சதுர மில்லிமீட்டராயின் 0.35 வோல்ட் அளவே. கிட்டுடன் தனி ஃபியூஸ் பெட்டி ஒன்றும், விளக்குக்கு இரண்டு ரிலேக்களும் வாங்கினேன். ரிலே இருந்தால் டாஷ்போர்டு ஸ்விட்ச் தூண்டும் வேலையை மட்டும் செய்யும். பெருஞ்சுமை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே விளக்குக்குச் செல்லும்.

வேலை இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் விடியற்காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். இருபுறமும் ஆள் நின்று இழைகளைச் சீர் செய்துகொண்டிருக்க, மிதிவண்டிக்காரர்கள் இறங்கி ஓரமாகத் தள்ளிச் சென்றார்கள். பட்டு இவ்வளவு நீளம் உடையது என்பது கடையில் மடித்து வைத்த சேலையைப் பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. கொட்டகைக்கு அடுத்த வீட்டில் ஓர் அம்மையார் தறியின் முன் அமர்ந்து, முடிந்துபோன பாவின் இழை நுனியோடு புதிய பாவின் இழை நுனியைச் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தார். பல ஆயிரம் இழை, ஒவ்வொன்றாக. “இங்கே மட்டும் பிணைக்கலாமா?” என்று பெரியவரை வம்புக்கு இழுத்தேன். “அந்த முடிச்சு சேலைக்குள் வராது பாய். வெட்டிப் போட்டுவிடுவோம்” என்றார்.

பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்த பிறகே அவர் கருவியைத் தொட்டார். ஒவ்வொரு நுனியையும் விடுவிக்கும்போது அட்டைத் துண்டில் பெயரெழுதிக் கட்டினார். உடலின் ஓரமாகப் பின்பக்கம் ஓடும் கற்றையை உருவும் முன் அதன் முனையில் சணல் கயிறு கட்டினார். பழையது வெளிவர, கயிறு உள்ளே தங்கியது. புதியதை அக்கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டையும் கோரைப் பாயில் பக்கம் பக்கமாகக் கிடத்தி, கிளைகள் பிரியும் இடங்களை ஒப்பிட்டோம். நிறங்களை எனக்கு மனனம் செய்வித்தார்: பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி திருப்பிய பின் வருவது, பச்சை அதன்பின் ஃபியூஸ் தாண்டி வருவது, நீலம் முகப்பு விளக்கு, சிவப்பு பக்க விளக்கும் பின்விளக்கும், கறுப்பு எர்த். தகட்டைத் துளைத்து ஒயர் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் புதிதாகப் போட்டார். எர்த் இணைப்புகளில் வர்ணத்தைச் சுரண்டி இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்தார். பழைய வண்டியின் விளக்குக் கோளாறுகளில் பல அங்கேதான் பிறக்கின்றன என்பது அவர் அனுபவம்.

இரண்டாம் நாள் லுஹருக்குப் பின் பேட்டரியைக் கொடுக்கும் நேரம். நேராகக் கொடுக்கவில்லை. பேட்டரி முனைக்கும் ஒயருக்கும் இடையில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். உள்ளே எங்காவது ஒயர் உடலில் பட்டிருந்தால் மின்சாரம் பல்பைத் தாண்டி ஓட முடியாது. பல்பு முழு ஒளியில் எரிந்து காட்டிக்கொடுக்கும், ஒயர் கருகாது. ஸ்விட்ச் எல்லாம் அணைத்த நிலையில் பல்பு இருண்டே இருந்தது. ஹாரன், இன்டிகேட்டர், பிரேக் விளக்கு என ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பக்க விளக்கைப் போட்டதும் மங்கலாக எரிய வேண்டிய பல்பு பளீரென்று எரிந்தது. பெரியவர் பின்னிருக்கையைத் தூக்கச் சொன்னார். இருக்கையைப் பிடிக்கும் தகட்டின் திருகு, சிவப்பு ஒயரின் நடுவே இறங்கியிருந்தது. அந்தத் திருகை முடுக்கியவன் நான். உதவுகிறேன் என்று வலியப் போய்ச் செய்த ஒரே வேலை. தாயார் அமரும் இடத்துக்கு நேர் கீழே.

அவர் ஒன்றும் சொல்லாமல் ஒயரை மாற்றி, திருகையும் தாமே முடுக்கினார்.

மாலையில் இஞ்சினை ஓட்டி, விளக்கு முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தார். பழைய ஒயரிங் 11 வோல்ட்டைத் தாண்டியிருக்காது என்பது அவர் கணக்கு, இப்போது 13.2 காட்டியது. பழைய கற்றையைச் சுருட்டி டிக்கியில் வைத்துக்கொண்டேன், அந்தப் பதினேழு ஒட்டுகளோடு. இருட்டிய பின் பாலாற்றுப் பாலத்தில் ஏறினேன். ஆற்றில் நீரில்லை, மணலும் நாணலும் மட்டுமே. எதிரே வந்த லாரிக்காரர், விளக்கைத் தாழ்த்தும்படி கைகாட்டிவிட்டுப் போனார்.