எதிர்ச்சுவர்

திருப்பூர் நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் கம்பெனிக் கட்டடங்களின் பின்பக்கம் போனால், இரும்புச் சட்டத்தில் ஏற்றிய ஏர் கூலர்களும் அவற்றிலிருந்து உள்ளே நுழையும் தகர டக்டும்தான் முதலில் கண்ணில் படும். நான் பார்க்கப் போனது எதிர்ச்சுவரை. உள்ளே போன காற்று எந்த வழியாக வெளியேறுகிறது? கூலர் மாட்டுகிறவரின் கைத்திறனை அந்தச் சுவரில்தான் அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

கூலர் ஏசி அல்ல. நனைந்த பேடு வழியே அது வெளிக்காற்றை இழுக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால், கணக்குப்படி காற்றை 24 டிகிரி வரை இறக்கலாம். ஈரப்பதம் 80 ஆனால் 32-க்குக் கீழே இறங்காது. குளிர்ந்து வரும் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்தது. தையல் மெஷின்களின் சூட்டையும் அயர்ன் டேபிளின் நீராவியையும் ஒரே தடவை வாரிக்கொண்டு அது வெளியே போயாக வேண்டும். வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, டக்டில் வரும் காற்றே குறையும். டைலரின் முதுகில் வேர்வை காயாது. அதற்கு இன்னொரு கூலர் வாங்குவது, நெரிசல் பஸ்ஸில் இறங்கும் கதவைச் சாத்திவிட்டு மேலும் ஆள் ஏற்றுகிற வேலை.

திறப்பு வைத்தால் தூசி வந்து வெள்ளைத் துணி அழுக்காகும் என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் கூலர் தள்ளுவதைவிட எக்ஸாஸ்ட் ஃபேன் அதிகமாக இழுத்தால்தான் இடுக்கெல்லாம் தூசி நுழையும். உள்ளே வருவது சற்றே கூடுதலாக இருந்தால் எல்லாத் திறப்பிலும் காற்று வெளியே பார்த்துத்தான் போகும். திசையும் முக்கியம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்றை எதிர்த்து மேற்குச் சுவரில் மாட்டிய ஃபேன், கரண்டைத் தின்னுமே தவிர காற்றைத் தள்ளாது. பேசாமல் ஏசி போட்டால் என்ன? ஏசி பெரும்பாலும் அதே காற்றைத்தான் சுற்றவிடுகிறது. நூற்றுக்கணக்கானோர் உட்காரும் கூடத்துக்கு அப்போதும் புதுக்காற்று வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் 13-ஆம் பிரிவில் சேர்த்தே வைத்ததன் பொருத்தம் இங்கே புரிகிறது.

உள்ளே இழுக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்பது வெளியேறும் வழியைவிடப் பெரிய கேள்வி. ஜெனரேட்டர் புகைக்குழாய் அருகே கூலர் இருந்தால், கரண்ட் போன நேரத்தில் அது புகையைத்தான் கூடத்துக்குள் அனுப்பும். கார்பன் மோனாக்சைடை ஈரப் பேடு தடுக்காது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் எர்த்தும், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம். கூலரின் பாரத்தை இரும்புச் சட்டம்தான் சுமக்க வேண்டும், கூரையின் சிமெண்ட் ஷீட் அல்ல. அந்த ஷீட் ஆள் பாரத்தையும் தாங்காது. பஞ்சு அடைத்த பேடைக் கழுவ வருஷம் முழுக்க யாரோ ஒருவர் மேலே ஏறத்தான் போகிறார். கூலர் கொட்டேஷனிலேயே அவருக்கான ஏணிக்கும் நடைபலகைக்கும் ஒரு வரி எழுதிக் கேட்கலாம்.