கடைசியிலிருந்து கேட்ட டிவைனில்ஸ்

டிவைனில்ஸ் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவை நான் பின்னாலிருந்து முன்னால் போய்த்தான் கேட்டேன். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்கும் பலருக்கும் அப்படித்தான் நேர்ந்திருக்கும். 1991-இல் உலகெங்கும் ஒலித்த ‘ஐ டச் மைசெல்ஃப்’ பாட்டு எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். பாடியது யார் என்று கேட்டால் விழிப்பார்கள். சொந்த நாட்டில் முதலிடம், அமெரிக்காவில் நான்காம் இடம், பிரிட்டனில் பத்தாம் இடம் என்று ஏறிய பாட்டு அது. பெண்ணொருத்தி தன் உடலின் இச்சையைக் கூச்சமில்லாமல் சொல்லும் பாட்டு என்பதால் சலசலப்புக்கும் குறைவில்லை. அதன் வீடியோவை எடுத்தவர் பிற்பாடு ஹாலிவுட்டில் கார்களை வெடிக்கவைத்துப் பேர் வாங்கிய மைக்கேல் பே.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டு வந்தபோது குழு என்று சொல்ல இரண்டே பேர்தான் மிச்சம்: பாடகி கிறிஸி ஆம்ஃப்லெட்டும் கிடார் கலைஞர் மார்க் மெக்கென்டீயும். பாட்டை அவர்களோடு சேர்ந்து எழுதியவர்கள் பில்லி ஸ்டைன்பெர்க், டாம் கெல்லி என்ற அமெரிக்க ஜோடி. மடோனாவுக்கு ‘லைக் எ வர்ஜின்’ தந்தவர்கள். ஆக, உலகம் டிவைனில்ஸ் என்று நினைவில் வைத்திருப்பது, பழைய டிவைனில்ஸ் கலைந்தபின் வந்த ஒரு பாட்டை.

அந்தப் பழைய குழு 1980-இல் சிட்னியில் உருவானது. கிறிஸி, மெல்போர்ன் பக்கத்து ஜீலாங் ஊர்க்காரர். அறுபதுகளில் லிட்டில் பேட்டி என்ற பெயரில் ஆஸ்திரேலியாவைக் கலக்கிய பாடகி அவருக்கு ஒன்றுவிட்ட அக்கா. இளவயதிலேயே வீட்டைவிட்டு ஐரோப்பா போய், ஸ்பெயினில் தெருவில் பாடியதற்காகச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். மெக்கென்டீ சங்கோஜி. இந்த இருவருக்கும் இடையே காதலும் சண்டையும் ஒன்றாகவே வளர்ந்தன. பாட்டுகளும் அந்தச் சண்டையிலிருந்தே வந்தன.

ஹெலன் கார்னரின் ‘மங்கி கிரிப்’ நாவல் படமானபோது பாட்டுகளைத் தந்தது இந்தக் குழுதான். படம் 1982-இல் வெளிவந்தது. கிறிஸி அதில் ஒரு கோபக்காரப் பாடகியாக நடித்தார். நடிப்பு என்று எவ்வளவு சொல்லலாமோ தெரியவில்லை. அந்தப் படத்துக்கான பாட்டுகளில் ஒன்றான ‘பாய்ஸ் இன் டவுன்’ 1981-இலேயே தனியாக வந்து எட்டாம் இடம் வரை போனது. ஊர்ப் பையன்களிடம் அலுத்துப்போன பெண் எப்படியாவது இங்கிருந்து தப்பிக்க வேண்டும் என்று கத்தும் பாட்டு. வீடியோவில் கம்பித் தளத்தின் மேல் அவர் நிற்க, கேமரா கீழிருந்து பார்க்கிறது. பள்ளிச் சீருடை, வலைக் காலுறை, நியான் விளக்காய் எரியும் மைக் கம்பி.

சீருடை புதிதல்ல. ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் அரைக்கால் சட்டையும் டையுமாகப் பல வருடங்களாக மேடையில் துள்ளிக்கொண்டிருந்தார். அவர் போட்டால் குறும்பு. அதையே ஒரு பெண் போட்டதும் பார்ப்பவர்களுக்குக் கண் வேறெங்கோ போயிற்று. கிறிஸி அதைத் தெரிந்தேதான் செய்தார். அந்தக் காலத்து ஆஸ்திரேலிய பப்கள் பீர் நாற்றமும் ஆண்களின் கூச்சலும் நிறைந்தவை. அங்கே நல்ல பெண்ணாக நின்று பாடினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆசையோடு பார்ப்பவனைப் பயப்படவும் வைப்பது என்று அவர் தீர்மானித்துவிட்டார். முன்வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் பின்வாங்கியே நிற்பார்களாம்.

குரலும் அதே ரகம். கொஞ்சலாகத் தொடங்கும், நடுவில் உறுமும், வரியின் கடைசியில் விக்கல்போல் ஒரு கீச்சொலி வந்து விழும். சுருதி பிசகாது. மற்ற பாடகிகள் துடைத்தெடுத்துவிடும் மூச்சிரைப்பையும் எச்சில் சத்தத்தையும் இவர் பாட்டின் பகுதியாகவே வைத்துக்கொண்டார். இதைக் கேட்க 1983-இல் வந்த முதல் ஆல்பம் ‘டெஸ்பரேட்’ போதும். மார்க் ஓபிட்ஸ் தயாரித்தது. அதிலுள்ள ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ பாட்டை இன்றுவரை நான் அவர்களுடைய ஆகச் சிறந்த பாட்டாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது ஆல்பத்துக்கு மூன்று தயாரிப்பாளர்கள். 1985-இல் ஒருவழியாக வந்த ‘வாட் எ லைஃப்!’ கேட்டாலே அந்த இழுபறி தெரிகிறது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் ஒட்டுதல் இல்லை. அதைக் காப்பாற்றியது ‘ப்ளெஷர் அண்ட் பெய்ன்’. மைக் சாப்மனும் ஹாலி நைட்டும் எழுதிக் கொடுத்தது. பிறர் எழுதியது என்று சத்தியம் செய்தாலும் நம்பமுடியாதபடி கிறிஸி அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். பின்னால் தன் சுயசரிதைக்கும் அதையே தலைப்பாக வைத்தார். 1988-இன் ‘டெம்பரமென்டல்’, 1996-இன் ‘அண்டர்வேர்ல்ட்’ இரண்டையும் ரசிகர்கள் மட்டும் கேட்டால் போதும்.

அதோடு குழு கலைந்தது. கிறிஸி, ட்ரம்மர் சார்லி ட்ரேட்டனை மணந்து நியூயார்க்கில் குடியேறினார். 1998-இல் ‘தி பாய் ஃப்ரம் ஆஸ்’ இசை நாடகத்தில் ஜூடி கார்லண்டாக நடித்தார். சீருடைக்காரியை மட்டுமே அறிந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. குரலைக் கவனித்தவர்களுக்கு இல்லை. 2006-இல் ஆஸ்திரேலிய இசைத்துறை அமைப்பான ஏரியாவின் ஹால் ஆஃப் ஃபேமில் குழு இடம்பெற்றது. அடுத்த வருடம் கிறிஸி, தனக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2010-இல் மார்பகப் புற்றுநோய். 2013 ஏப்ரல் 21 அன்று, 53 வயதில் காலமானார்.

‘ஐ டச் மைசெல்ஃப்’ பாட்டு, பெண்கள் தங்கள் மார்பைத் தாங்களே தொட்டுப் பரிசோதிக்க நினைவூட்ட வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். 2014-இல் ஆஸ்திரேலியப் பாடகிகள் பத்துப் பேர் அதற்காகவே அதைப் பாடினார்கள். ஒலிவியா நியூட்டன்-ஜான் இருந்தார், அவரும் அதே நோயைக் கண்டவர். லிட்டில் பேட்டியும் இருந்தார். 2018-இல் செரீனா வில்லியம்ஸும் பாடினார்.

அந்தப் பத்துப் பேரின் வடிவத்தை அடிக்கடி கேட்கிறேன். வேகத்தைக் குறைத்து, நன்றாகவே பாடியிருக்கிறார்கள். பேட்டி பாடும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஒரே குறை, எல்லோரும் மிகுந்த மரியாதையோடு பாடுகிறார்கள். கிறிஸி எந்தப் பாட்டையும் மரியாதையோடு பாடியவர் அல்ல.