மதிப்பு

அண்ணன் மக வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்தா.
"அத்தை, 'மதிப்பு'ங்கிற சொல்ல வச்சு மூணு வாக்கியம் சொல்லுங்க."

எங்க ஊரு பொட்டிப்புரத்துல இதுக்கா பஞ்சம்?

ஒண்ணு: மாட்டு யாவாரி பல்லைப் பிடிச்சுப் பார்த்து, திமிலைத் தடவி, மலைமாட்டுக்கு மதிப்புச் சொல்வார்.

ரெண்டு: பத்திர ஆபீஸ்ல நம்ம மானாவாரிக் காட்டுக்கு ஒரு வழிகாட்டி மதிப்பு இருக்கு.

மூணு: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு.
நியூட்ரினோ ஆய்வகத்துக்காக எங்க அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ள 50,000 டன் இரும்புக் கருவின்னு திட்டம். அதுக்கு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்னு 2015 ஜனவரியில அறிவிச்சாங்க. 2017 மார்ச்சுல பசுமைத் தீர்ப்பாயம் அந்தத் திட்டத்துக்குக் கொடுத்திருந்த சுற்றுச்சூழல் அனுமதிய நிறுத்தி வச்சுச்சு.

அறிவியலுக்கு மதிப்பு உண்டு. மனசாரச் சொல்றேன்.
ஆனா எங்க அப்பத்தா விடிகாலையில முந்தானையை இழுத்துச் செருகி, அந்த மலையப் பார்த்துக் கும்பிட்டுட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கும். அதை எந்தக் கணக்குல எழுத?

பாப்பா நாலாவது வாக்கியத்த அவளே எழுதிட்டா: "எங்க மலைக்கு மதிப்பு உண்டு."

ஒரு எடத்துக்கு மதிப்பு போடுறதுக்கு முன்னாடி, அங்க வாழுறவங்கள மதிச்சு ஒரு வார்த்தை கேளுங்க.