பிரேக் இல்லாத சைக்கிள்கள்

விமானப் படியில் நின்று முதல் மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் முள் குத்தியது. தொட்டுப் பார்த்தால், மூக்கு முடி உறைந்து கம்பியாக நிற்கிறது! மைனஸ் 19 என்றார்கள். ராமநாதபுரத்தில் மார்கழிப் பனிக்கே மஃப்ளர் தேடுகிற ஆள் நான். கிர்க்கெனெஸ் என்ற இந்த ஊர் நார்வேயின் வடகிழக்கு மூலை. ஆர்க்டிக் வட்டத்துக்கும் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே. காலை பத்து மணி. வானம் நீல மை கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. சூரியன்? நவம்பர் கடைசியில் போனவர் ஜனவரி நடுவில்தான் திரும்புவாராம்.

வெளியே யாழ்ப்பாணத்து அண்ணன் காத்திருந்தார். மண்டபம் அகதி முகாமில் இருக்கிற என் நண்பனின் பெரியம்மா மகன். நண்பன் கொடுத்தனுப்பிய கருப்பட்டிப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கி மோந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏறுங்கோ தம்பி, விறைச்சுப் போவியள்" என்றார். காருக்குள் கருவாட்டு வாசம். இரண்டு நாளாக ஏங்கிக் கிடந்த மூக்குக்கு அப்பாடா என்றிருந்தது. காயவைத்த காட் மீன், பின்சீட்டில் விறகுக்கட்டை போலக் கிடந்தது.

ஊருக்குள் எல்லாமே வேடிக்கை. தெருப் பெயர்ப் பலகைகளில் நார்வே எழுத்துக்குக் கீழே ரஷ்ய எழுத்து. எழுபது வயதுப் பாட்டி ஒருவர், நாற்காலிக்குச் சறுக்குக் கட்டை வைத்தது போன்ற வண்டியை ஒற்றைக் காலால் உதைத்து உதைத்து, காய்கறிப் பையோடு 'சர்'ரென்று போனார். நானோ பத்தடி நடப்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டேன். காபிக் கடையில் வாஃபிள் மேல் பழுப்பு நிறச் சீஸைச் சீவிப் போட்டார்கள். வாயில் வைத்தால் அப்படியே உப்புப் போட்ட பால்கோவா!

"எல்லையைப் பாக்க வேணும் எண்டனீங்கள் அல்லோ?" என்று அண்ணன் வண்டியைத் திருப்பினார். கால் மணி நேரத்துக்குள் ஸ்டோர்ஸ்கோக். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே 198 கிலோமீட்டர் எல்லை. வண்டி போகிற வாசல் இது ஒன்றுதான். நான் பெரிய கோட்டையை எதிர்பார்த்துப் போனேன். சின்னக் கட்டடம், ஒரு தடுப்புக் கம்பம், பனி சுமந்த பைன் மரங்கள். ரஷ்யச் சிப்பாயைப் படம் எடுக்கக் கூடாது என்று எச்சரிக்கை வேறு. குளிரில் என் கைபேசி ஏற்கெனவே உயிரை விட்டிருந்தது. சட்டத்தை மீற வழியே இல்லை.

2015-ல் இந்த வாசல் வழியாக சுமார் 5,500 பேர் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். முந்தைய வருடம் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிரியாக்காரர்கள், ஆப்கானியர்கள். வந்தது எதில் தெரியுமா? சைக்கிளில்! இந்தப் பனியில் சைக்கிளா என்று நான் வாயைப் பிளக்க, அண்ணன் விளக்கினார்.

"ரஷ்யாவில எல்லையை நடந்து கடக்க விடமாட்டினம். கடுதாசி இல்லாத ஆளைக் காரில ஏத்தி வந்தா இஞ்சத்தப் பொலிஸ் டிரைவரைப் பிடிக்கும். நடக்கவும் ஏலாது, காரிலயும் ஏலாது. சைக்கிளைப் பற்றி மட்டும் ஒருத்தரும் ஒண்டும் எழுதி வைக்கேல்லை!"

ஆக, ரஷ்யாவின் மூர்மன்ஸ்க் பக்கமிருந்து டாக்ஸியில் வருவது. எல்லைக்கு முன்னால் இறங்கி ஒரு சைக்கிளில் ஏறுவது. சில நிமிடம் மிதிப்பது. ஓட்டத் தெரியாதவர்களும் மிதித்தார்கள். பெரிய ஆள்கள் குழந்தை சைக்கிளில் முழங்கால் தாடையில் இடிக்க வந்தார்கள். இந்தப் பக்கம் வந்ததும் சைக்கிளை விட்டுவிட வேண்டும். அவை மலையாகக் குவிந்தன. நல்ல பிரேக் இல்லை, நார்வேயின் பாதுகாப்பு விதிக்குப் பொருந்தவில்லை என்று நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

நவம்பர் கடைசியில் ரஷ்யா இவர்களை எல்லைக்கு விடுவதை நிறுத்தியது. வரத்து அன்றோடு நின்றது. அதே மாதம் நார்வே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: ரஷ்யாவில் இவர்களுடைய மனுவை யாராவது விசாரிப்பார்களா என்று பார்க்காமலே திருப்பியனுப்பலாம். 2016 ஜனவரிக் குளிரில் திருப்பியனுப்பவும் தொடங்கினார்கள். சைக்கிளில் வந்தவர்களைச் சைக்கிளிலேயே அனுப்பலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. கொஞ்ச நாளில் ரஷ்யா பாதுகாப்புக் காரணம் சொல்லி அதையும் நிறுத்தியது. குழாயைத் திறந்ததும் மூடியதும் மாஸ்கோ. நடுவில் நனைந்தவர்கள் இவர்கள்.

ஆள் வரத்தெல்லாம் நின்ற பிறகு, 2016-ல் நார்வே வேலி கட்டியது. என் முன்னால் நின்றது அதுதான். இரும்பு, மூன்றரை மீட்டர் உயரம். நீளம் 200 மீட்டர்! 198 கிலோமீட்டர் எல்லைக்கு 200 மீட்டர் வேலி! எங்கள் ஊரில் தென்னந்தோப்புக்கே இதைவிட நீளமாக முள்வேலி போடுவார்கள். அதிலும் ஒரு பகுதி எல்லைக் கோட்டைச் சில சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கிவிட்டதென்று பிடுங்கி நட்டார்களாம். யாரை நிறுத்த இது என்று கேட்டேன். "ஒஸ்லோவில இருந்து டிவி பாக்கிற ஆக்களுக்கு" என்றார் அண்ணன்.

இன்னும் வடக்கே யாகோப்ஸெல்வ் ஆற்றங்கரையில் 'ரஷ்யாவை நோக்கிச் சிறுநீர் கழிக்காதீர்' என்று பலகை இருக்கிறதாம். அபராதம் 3,000 குரோனர். பார்க்கத் துடித்தேன், குளிர்காலத்தில் சாலையை மூடிவிடுவார்கள்.

மாலை என்று கடிகாரம் சொன்னபோது அண்ணன் வீடு. வாசலிலேயே பூட்ஸைக் கழற்ற வேண்டும். இங்கே நார்வேக்காரர்களும் அப்படித்தான் என்றதும் எனக்குச் சொந்த ஊர்ப் பாசம் பொங்கியது. காட் மீன் குழம்பு, யாழ்ப்பாணத்துக் கறித்தூள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நான் 87-ல வந்து அசைலம் அடிச்சனான். மீன் ஃபாக்டரிக்கு ஆள் தேவைப்பட்டுது, கத்தியைத் தந்திச்சினம். என்னட்ட ஒருத்தரும் பிரேக் இருக்கோ எண்டு கேக்கேல்லை." வடக்கு நார்வேயின் மீன்பிடி ஊர்களில் இப்படி வந்த தமிழர்கள் நிறைய. அண்ணன் நார்வே பிரஜையாகிப் பல வருடமாகிறது.

கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, அதைக் கொடுத்தனுப்பிய தம்பியைப் பற்றி விசாரித்தார். என்ன சொல்வது? அவர் சித்தி குடும்பம் 90-ல் படகேறி எங்கள் பக்கம் வந்தது. அகதிகளுக்கான 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. தம்பி முகாமிலேயே பிறந்தவன். வயது 31. வெளியூர் போனால், முகாமில் ஆள் எண்ணுகிற 'செக்கிங்' நாளுக்குள் திரும்பிவிட வேண்டும். அவனிடம் இன்றுவரை எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை.