வீடியோவில் இல்லாதது

எங்கள் தாமானில் பிள்ளைகள் என்னை 'அணில் அங்கிள்' என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது. இப்போது காதில் விழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நான் ஓர் அணிலை வளர்த்தேன், காட்டில் விட்டேன், அது சந்தோஷமாக ஓடிப்போனது என்பது ஊர் அறிந்த கதை. வளர்த்தது உண்மை. மற்றது நான் கட்டியது. அதை விட்டேன் என்று சொல்வதைவிடத் தள்ளிவிட்டு வந்தேன் என்று சொல்வதுதான் சரி.

பண்டார் பாரு கெடாவின் தென்கோடி. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக்கின் பாரிட் புந்தார், இன்னொரு பக்கம் போனால் பினாங்கின் நிபோங் திபால். இந்த வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணியாக இருந்தேன். குலை வெட்டும்போது குலையைத் தாங்கி நிற்கும் மட்டையை முதலில் அறுத்துத் தள்ளுவார்கள். மட்டை இடுக்கில் அணில் கூடு இருந்தால் அதுவும் சேர்ந்து விழும். பெரும்பாலும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அன்று நான் குனிந்து பார்த்தேன். பஞ்சும் நாருமாகச் சிதறிக் கிடந்த கூட்டில் கண் திறக்காத இரண்டு குட்டிகள்.

எங்கள் ஊர் அணில் தமிழ்நாட்டு அணில் இல்லை. ராமர் தடவிய மூன்று கோடு இதன் முதுகில் கிடையாது. முதுகு பழுப்பு, வயிறு செங்கல் சிவப்பு, இரண்டும் சேரும் விலாவில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு. "சேது கட்டுறப்ப இது வேலைக்கு லேட்டா வந்துச்சு, அதான் கோடு விலாவுல விழுந்துருச்சு" என்று எங்கள் பாட்டி சொல்வார். விலங்கியல் புத்தகத்தில் இதன் பெயர் காலோசியூரஸ் நொட்டாட்டஸ். தென்னை, ரம்புத்தான், செம்பனை, வீட்டுக் கொல்லை என்று மனிதன் நட்ட மரங்களில்தான் இதை அதிகம் பார்க்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தது இதைத்தான்.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன வேலை. குட்டிகளை ஒரு கூடையில் துணி வைத்துப் போட்டு, அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு, ஆட்களை அந்த நிரையிலிருந்து வேறு பக்கம் அனுப்பியிருக்க வேண்டும். தாய் அணில் பகலில் நடமாடும் பிராணி. ஆள் அரவம் அடங்கினால் இருட்டுவதற்குள் திரும்பி வந்து குட்டியை வாயில் கவ்வி வேறு கூட்டுக்குக் கொண்டுபோக நல்ல வாய்ப்பு உண்டு. மனிதன் தொட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. தாய் வரவில்லை என்றால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். காட்டுப் பிராணிகளை வைத்துக்கொள்வதை ஒழுங்குபடுத்த 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 716, இந்த நாட்டில் இருக்கிறது. தோட்டத்து ஆபீஸில் உட்கார்ந்து அத்தனை பாரமும் நிரப்பிய எனக்கு அது தெரியாமல் இல்லை.

நான் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் கோலாலம்பூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் எனக்காகக் காத்திருக்க டிவியைத் தவிர ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். மனைவி இருந்தார். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை, அவருக்கு வேலை இருந்தது.

வந்ததும் தேத்தண்ணிக்கு வைத்திருந்த டின் பாலைக் கரைத்து இரண்டுக்கும் ஊட்டினேன். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது, முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். அதற்குப் பிறகும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து உடம்பின் வறட்சியைப் போக்கிவிட்டுத்தான் பாலுக்கு வர வேண்டும். அதுவும் நாய்க்குட்டிக்கு என்று விற்கும் பால்மாவு, இல்லையென்றால் ஆட்டுப்பால். மாட்டுப்பால் வயிற்றைக் கலக்கும், டின் பாலில் சர்க்கரை வேறு. ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சில், குட்டியை மல்லாத்தாமல் தலை மேலே இருக்கும்படி பிடித்து, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நான் குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதுபோல மல்லாத்திப் பிடித்துப் புகட்டினேன். ஒன்றின் மூக்கில் பால் நுரைத்து வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் புகட்டினேன். விடிவதற்குள் அது போய்விட்டது. பால் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது. 'பலவீனமான குட்டி' என்று மனைவியிடம் சொன்னேன். என்னுடைய முதல் பொய் அதுதான்.

மற்றது பிழைத்தது. அதற்குச் சின்னு என்று பெயர். பால் குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரம் இறங்கும் என்பதை மனைவிதான் எங்கேயோ கேட்டு வந்து சொன்னார், செய்ததும் அவர்தான். நான் எடுத்துத் தாமான் குழுவில் போட்ட வீடியோக்களில் அவர் இல்லை.

கண் திறந்த பிறகு சின்னு பார்த்த முதல் முகம் என்னுடையது. இங்கேதான் என் தவறு ஆரம்பம், டின் பாலில் இல்லை. அறியாமல் செய்ததை ஊர் மன்னிக்கும். நான் அறிந்தேதான் செய்தேன். அது என் சட்டைக் காலரில் ஏறி உட்கார்ந்தபோது, தாமான் பிள்ளைகள் வேலியில் தொற்றிக்கொண்டு கத்தியபோது, எனக்குக் கிடைத்த சுகத்தை வேறு எதிலும் நான் அதுவரை பார்த்ததில்லை. சூரியகாந்தி விதைக் குவாச்சி பாக்கெட்டைக் கசக்கினால் எங்கிருந்தாலும் ஓடி வரும். முன்னங்கால் இரண்டாலும் விதையைப் பிடித்து, ஓட்டை நுனியில் ஒரு கீறு கீறி, பருப்பை உருவி, ஓட்டை என் தோளிலேயே துப்பும். நாள் பூரா குவாச்சிதான். சூரியகாந்தி விதையில் கொழுப்பு இருக்கிறது, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பு போதாது. ஒரு கட்டத்தில் அதன் பின்னங்கால் தொய்ந்து இழுத்துக்கொண்டு போனது. கூண்டு அணில்களுக்கு அடிக்கடி வருகிற எலும்பு நோய் அது. வெயிலில் வைத்து, கணவாய் ஓட்டைப் பொடித்து, கீரையும் பழமும் சேர்த்துக் கொடுத்து ஒருவழியாகத் தேற்றினோம். ஆனாலும் தாவும்போது கொஞ்சம் குறி தவறும். அது விழுந்து எழுவதை வேடிக்கை என்று படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

அதைவிட மோசம் பூனை. எங்கள் வீட்டுப் பூனை கிழடு, எலியையே பிடிக்காது. அதன் வயிற்றில் சாய்ந்து சின்னு தூங்கிய வீடியோதான் அதிகம் பேர் பார்த்தது. 'அன்புக்குப் பேதமில்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள், நான் பூரித்துப்போனேன். 1993இல் தமுரா, யோங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நம் நாட்டு அணில் வகைகள் மூன்று எதிரியைக் கண்டால் எழுப்பும் குரல்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கொல்லையில் காது கொடுத்தால் நமக்கே கேட்கும்: ஓர் அணில் எதிரியைக் கண்டு வாலை உதறி உதறிக் கத்தும், பக்கத்து மரத்து அணில் அப்படியே உறைந்து நிற்கும். சின்னுவுக்கு அந்தப் பேச்சு கேட்டதே தவிர பொருள் தெரியவில்லை. வெளியே அபாயக் குரல் கேட்டால் அது சன்னலுக்கு ஓடிப்போய் வேடிக்கை பார்த்தது. பூனை என்றால் மெத்தை என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பிறகு அது வளர்ந்தது. வளர்ந்த அணில் கடிக்கும். வயர், நாற்காலிக் கால், சாமி மேடை விளிம்பு, கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் விரல். "ஏங்க, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார் மனைவி. அடுத்த வாரம் ஈப்போவில் ஒரு கல்யாணம், மூன்று நாள் தங்க வேண்டும், யார் பார்த்துக்கொள்வது? அன்று ராத்திரி நான் எடுத்த முடிவுக்கு 'சுதந்திரம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை மோட்டாரில் நிபோங் திபால் பக்கம் புக்கிட் பஞ்சோர் காட்டுப் பூங்காவுக்குப் போனேன். கைப்பேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கூண்டைத் திறந்தேன். சின்னு வெளியே வந்தது, மூக்கைத் தூக்கி மோந்தது, ஒரு மரத்தில் ஆள் உயரத்துக்கு ஏறியது. வீடியோ அதோடு முடிகிறது. ஊர் பார்த்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அது இறங்கி வந்தது. என் கால்சட்டையைப் பற்றி ஏறி, வழக்கம்போல் சட்டைப் பைக்குள் தலையை நுழைத்தது. எடுத்து மரத்தில் வைத்தேன். மறுபடி வந்தது. மறுபடி வைத்தேன். மேலே எங்கோ குரங்குகள் கிளையை உலுக்கும் சத்தம். கடைசியில் முழங்காலில் தொற்றியிருந்ததைக் காலை உதறிக் கீழே தள்ளினேன், மோட்டாரைக் கிளப்பினேன். குவாச்சி பாக்கெட்டைப் பிரித்து வேர்ப்பக்கம் கொட்டிவிட்டு வந்ததைப் பெரிய கருணை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

சின்னு செத்ததை நான் பார்க்கவில்லை. அதனால் அது வாழ்கிறது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியைக் கெடுத்தது அமெரிக்காவின் மேரிலாந்தில் செய்த ஓர் ஆய்வு. வீட்டுப் பக்கங்களில் பிடித்த 38 சாம்பல் அணில்களைக் காட்டில் கொண்டுபோய் விட்டு, எங்கே போகின்றன என்று தொடர்ந்து பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவு இது: 88 நாளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு செத்திருந்தன, அல்லது விட்ட இடத்திலிருந்து காணாமல் போயிருந்தன. அவை பூனைக்கும் பருந்துக்கும் தப்பி வளர்ந்த முழு அணில்கள். புது இடத்தில் எந்த மரத்தில் பொந்து, எந்த மாதம் எந்தக் காய், எந்தக் கிளை யாருடைய எல்லை என்பது தெரியாததே அவற்றை முடித்திருக்க வேண்டும். சின்னுவுக்குக் கிளை என்றால் சட்டைக் காலர்.

முறையாக விடுவது எப்படி என்பதை எல்லாம் முடிந்த பிறகு படித்தேன், பரீட்சை முடிந்து பாடம் படிக்கிறவனாக. குட்டி தனியாக வளரக் கூடாது, இன்னொரு அணிலோடு சேர்ந்து வளர வேண்டும். பால் மறந்ததும் கையால் தொடுவதை நிறுத்திவிட வேண்டும். நாயும் பூனையும் கண்ணிலேயே படக் கூடாது. பிறகு விடப்போகும் மரத்தடியிலேயே பெரிய கூண்டு வைத்து, உள்ளே உறங்கும் பெட்டி வைத்து, சில வாரங்கள் வெயில், மழை, காற்று, மற்ற அணில்களின் சத்தம் எல்லாம் பழக விட வேண்டும். தட்டில் குவாச்சி இல்லை. பட்டையோடு கிளை, மொட்டு, காட்டுக்காய், எறும்பு மொய்த்த கொம்பு. ஆளைக் கண்டால் பெட்டிக்குள் ஓடி ஒளிகிறதா? அப்படியானால்தான் தயார். மழை இல்லாத ஒரு நாள் காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். பெட்டியும் தீனியும் அங்கேயே இருக்கும், அது போகும், வரும், ஒரு நாள் வராது. 1964லேயே சபாவில் செப்பிலோக்கில் அனாதை ஓராங் ஊத்தான் குட்டிகளுக்குக் கயிறு பிடிக்கவும் மரமேறவும் பழக்கி, தீனி மேடை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுக்குத் திருப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய பிராணிக்கே வருஷக் கணக்கில் பொறுமை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாறுவதற்குள் முடித்துக்கொண்டேன்.

போன மாதம் என் பழைய தோட்டத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். மட்டையோடு கூடு விழுந்திருக்கிறது, என்ன செய்வது என்று. கூடை, துணி, உயரம், ஆள் ஒதுங்குவது எல்லாம் சொன்னேன். துணிக்கடியில் வெந்நீர் போத்தல் வைக்கச் சொன்னேன், பால் மட்டும் கொடுக்காதே என்றேன். சாயங்காலம் காலிக் கூடையைப் படம் எடுத்து அனுப்பினான். தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனதைப் பார்த்தானாம். பிறகு கேட்டான்: "அங்கிள், உங்க சின்னு இப்ப பெரிய ஆளா இருக்கும்ல?"

"இருக்கும்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எழுதியதை முதலில் மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார். கால் உதறிய இடத்தில் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன், அதை அவர் முன்னாலேயே ஊகித்திருக்கிறார்போல.

"நம்ம கொல்லையிலயே ரம்புத்தான் மரம் இருக்கே. தினமும் அதுல ரெண்டு அணில் ஓடுது. பூனைய உள்ள கட்டிப் போட்டுட்டு, அதுல விட்டிருந்தா என்ன?"

"கல்யாணத்துக்கு நேரமாச்சுல்ல" என்றேன்.

"அந்தக் கல்யாணத்துல நமக்குச் சாப்பாடுகூடக் கிடைக்கல" என்றார்.