அறிக்கையின் இரண்டாம் பக்கம்

எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அதில் தலைப்பாகக்கூடிய வரி எது என்று தேடுவது பத்திரிகைக்காரனின் பழக்கம். எனது எலும்பு ஸ்கான் அறிக்கையையும் அவ்வாறே படித்தேன். நாரிப் பகுதியின் நான்காவது முள்ளென்பில் கதிரியக்கப் பொருள் வழமையைவிடக் கூடுதலாகச் சேர்ந்துள்ளது என்ற வரியில் கண் நின்றுவிட்டது. எனக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் என்பது சில வாரங்களுக்கு முன்னரே உறுதியாகியிருந்தது. அது எலும்புக்கும் பரவிவிட்டது என்று நானே முடிவுகட்டினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வைத்தியரைத் திங்கட்கிழமைதான் காணமுடியும். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. காணி உறுதியும் வங்கிப் புத்தகமும் இருக்கும் இடங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். மூன்று இரவுகள் உறக்கமில்லை.

திங்களன்று வைத்தியர் அறிக்கையை முழுவதும் வாசித்துவிட்டுக் கேட்டார்:

"ஐயா, உங்களுக்கு நாரி நோ இருக்கிறதா?"

"இருபது வருடமாக இருக்கிறது."

"அதுதான் இது."

பின்னர் அவர் பொறுமையாக விளக்கினார். எலும்பு ஸ்கானுக்காக நாளத்தில் ஏற்றப்படும் ரெக்னீசியம்-99எம் கலந்த மருந்து, எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்களில் கூடுதலாகப் படிகிறது. சில மணி நேரத்தின் பின் கமரா அதனைப் படம்பிடிக்கிறது. புற்றுநோய் பரவிய இடமும், முறிந்து பொருந்திய இடமும், முதுமையால் தேய்ந்த மூட்டும் அப்படத்தில் ஒளிரக்கூடும். எலும்பு அங்கே சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதையே படம் கூறும். அதற்கான காரணத்தைக் கூறாது. ஐயம் தீர அதே இடத்தைச் சி.ரி. ஸ்கானில் பார்த்தார்கள். தேய்மானம்தான்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், இது தேய்மானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முன்னரே எழுதப்பட்டிருந்தது. செய்தியைக் கடைசி வரி வரை படிக்காத உதவி ஆசிரியர்களை எத்தனை முறை கடிந்திருப்பேன்!

அதன்பின் கேட்டறியாமல் எதையும் ஊகிப்பதில்லை என்று தீர்மானித்தேன். எனது கிளீசன் மதிப்பெண் 7. பத்துக்கு ஏழு என்று எண்ணியிருந்தேன். ஆனால் இன்று ஊசித் திசுப் பரிசோதனையில் புற்றுநோய்க்கு வழங்கப்படும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 6 என்றார் வைத்தியர். 3+4 என்றாலும் 7தான். 4+3 என்றாலும் 7தான். முதல் எண் அதிகமாகக் காணப்படும் திசு அமைப்பைக் குறிப்பதால் இரண்டாவது சற்றுக் கடுமையானது. எனக்கு 4+3.

ஆறு மாத ஹோமோன் ஊசியும், 20 அமர்வுகளில் 60 கிரே கதிர்ச் சிகிச்சையும் என முடிவாயிற்று. முன்னர் இச்சிகிச்சை ஏழு, எட்டு வாரங்கள் நீளும். 37 அமர்வுகளுக்கு இந்த 20 அமர்வுகள் குறைந்தவையல்ல என்று 2016இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று காட்டிய பின்னர், நான்கு வார முறை பரவலாயிற்று. தினமும் நீர் அருந்திச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு படுக்கவேண்டும். நிரம்பிய பை குடலைக் கதிரின் பாதையிலிருந்து விலக்கிவைக்கிறது. இயந்திரம் சுற்றும் சில நிமிடங்களில் வலி எதுவுமில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து களைப்பும், இரவில் அடிக்கடி எழவேண்டிய தொல்லையும் இருந்தன. பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்று முதல் நாளே கேட்டேன். வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடலில் தங்குவதில்லை, தாராளமாகத் தூக்கலாம் என்றார்கள்.

இப்போது பி.எஸ்.ஏ. பரிசோதனை மட்டுமே. ஹோமோனின் விளைவு நீங்கும்போது அவ்வெண் சற்று உயரலாம். அடைந்த மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினாலே நோய் மீண்டதாகக் கருதுவர். சென்ற முறை 0.3 இலிருந்து 0.5 ஆகியிருந்தது. அன்றிரவு நன்றாக உறங்கினேன். அறிக்கையை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன், இரண்டாம் பக்கம் வரை.