மறைத்து வைத்த ஒரு பெயர்

சென்ற கல்லறைத் திருநாளன்று மாலை, வழக்கம்போல் மெழுகுவர்த்திகளையும் சாமந்தி மாலைகளையும் எடுத்துக்கொண்டு எங்கள் குடும்பத்தினர் அனைவரும் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். என் அண்ணனின் கல்லறைக்கு மாலை அணிவித்துச் செபித்த பின்னர், சற்றுத் தள்ளி எழுத்துகள் தேய்ந்துபோன ஒரு சிறு சிலுவையின் அடியிலும் நான் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தேன். கல்லூரியில் பயிலும் என் பேத்தி அருகில் வந்து, "தாத்தா, இது யாருடைய கல்லறை?" என்று கேட்டாள்.

"என் அத்தையுடையது, அம்மா."

"அவர்கள் எப்படி இறந்தார்கள்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் இல்லத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே விடைதான் வழங்கி வந்தது: "கிணற்றடியில் கால் தவறி விழுந்துவிட்டாள்." அன்று அந்த விடையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பேத்தியிடம் அன்றிரவு சொன்னதையே வாசக அன்பர்களுக்கும் இங்கே சொல்ல விழைகின்றேன். உங்கள் இல்லத்திலும் இவ்வாறு மறைத்து வைக்கப்பட்ட ஒரு பெயர் இருக்கக்கூடும் அன்றோ?

எங்கள் ஊர் வாலாஜாபேட்டை. என் அண்ணன் இராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதி வந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 1974ஆம் ஆண்டு, அவருக்கு இருபத்து நான்கு வயது நடந்தபோது, அவர் போக்கில் மாறுதல் கண்டது. உடன் வேலை செய்வோர் தம் தேநீரில் நஞ்சு கலப்பதாகச் சொன்னார். ஆளில்லாத திசையை நோக்கி விடை பேசினார். இரவெல்லாம் உறங்காமல் திண்ணையில் அமர்ந்திருந்தார். பின்னர் வேலைக்குச் செல்வதையே நிறுத்திவிட்டார்.

ஊரார் பலவாறு பேசினர். தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்றனர் சிலர். தாய் கண்டிப்புக் காட்டியே பிள்ளையின் மூளையைக் கலக்கிவிட்டாள் என்றனர் வேறு சிலர். எப்படிப் பார்த்தாலும் பழி என் அன்னையின் தலையிலேயே வந்து விழுந்தது. வீட்டுக்குள்ளேயோ மற்றொரு பேச்சு மெல்லிய குரலில் நடந்தது. "கிணற்றில் போன அத்தையின் ஆவிதான் பையனைப் பிடித்திருக்கிறது" என்று என் பாட்டி முணுமுணுப்பார். மந்திரித்துக் கயிறு கட்டினோம். திருத்தலங்களுக்கு நடந்தோம். ஓராண்டு இவ்வாறே கழிந்தது. அண்ணன் மேலும் மெலிந்தார்.

முடிவில், பங்குக் குருவானவரே என் தந்தையை அழைத்து, "செபத்தை விடாதீர்கள், ஆனால் மருத்துவரிடம் காட்டாமல் இருப்பது செபமாகாது" என்று அறிவுரை கூறினார். 1975ஆம் ஆண்டில் ஒரு நாள், ஆற்காட்டு வழியாகப் பாலாற்றைக் கடந்து செல்லும் பேருந்தில் அண்ணனை வேலூருக்கு அழைத்துச் சென்றோம். வேலூர்ப் பாகாயத்தில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மனநல மையம் 1957ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. நோயாளியைப் பூட்டிய அறையில் தனியே விட்டுவிடாமல், குடும்பத்தார் ஒருவர் உடன் தங்கியிருக்க, அவர்களுக்கும் நோயைப் பற்றிக் கற்பித்துச் சிகிச்சை அளிப்பது அதன் சிறப்பான முறை. என் அன்னை அண்ணனுடன் அங்கே தங்கினார்.

முதல் நாளே மருத்துவர் என் தந்தையிடம் கேட்ட வினாக்களுள் ஒன்று: "உங்கள் குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இத்தகைய நோய் இருந்ததா?"

என் தந்தை சிறிதும் தயங்காமல், "இல்லை, ஐயா" என்றார். அருகில் நின்ற நானும் தலையசைத்தேன்.

அத்தை என் தந்தையின் உடன்பிறந்த தங்கை. அவரும் உணவில் நஞ்சு இருப்பதாகச் சொல்லித் தட்டை ஒதுக்குவார் என்றும், தனக்குத்தானே பேசிக்கொள்வார் என்றும் பாட்டி சொல்லக் கேட்டிருக்கின்றேன். 1958ஆம் ஆண்டில் ஒரு விடியற்காலையில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்நாளில் நடைமுறையிலிருந்த 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், மனமறிந்து தன்னுயிரை மாய்த்துக்கொண்டோருக்குக் கிறித்தவ அடக்கத்தை மறுத்தது. ஆகவே, தங்கையை நல்லடக்கம் செய்வதற்காக என் தந்தை, "கால் தவறி விழுந்தாள்" என்று சொன்னார். அன்பினால் பிறந்த பொய் அது. ஆனால் அன்பினால் பிறந்ததாயினும் ஒரு பொய் தன்னைக் காத்துக்கொள்ள இன்னொரு பொய்யை வேண்டுகின்றது. பதினேழு ஆண்டுகள் கழித்து, தம் மகனைக் காக்க வந்த இடத்திலும் அவர் அந்தப் பொய்யையே சொல்ல நேர்ந்தது.

அண்ணனுக்குக் குளோர்ப்ரோமசின் என்னும் மாத்திரை தரப்பட்டது. 1952ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மருத்துவர்கள் மனநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிய மருந்து அது. சில வாரங்களில் அவர் உறங்கினார்; உண்டார்; அன்னையின் பெயரைச் சொல்லி அழைத்தார். ஆவியாக இருந்திருந்தால் மாத்திரைக்கு அஞ்சி ஓடியிருக்குமா என்று என் அன்னை கேட்டது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

இது நடந்து மூன்றாண்டுகள் சென்றன. நான் தட்டச்சில் உயர்நிலைத் தேர்வு பெற்று, வேலூரில் ஒரு தட்டச்சுக் கூடத்தில் பணிக்கு அமர்ந்திருந்தேன். 1978ஆம் ஆண்டில் ஒரு நாள் மனநோய் மருத்துவர் ஒருவர் கையெழுத்துப் படி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அண்ணனுக்குச் சிகிச்சை அளித்தவர் அல்லர், வேறொருவர். வெளிநாட்டு மருத்துவ ஆய்விதழ் ஒன்றிற்கு அனுப்ப வேண்டிய ஆங்கிலக் கட்டுரை அது. இரண்டு வரி இடைவெளி விட்டு, கார்பன் தாள் வைத்து, மூலத்தோடு இரண்டு படிகள் எடுக்க வேண்டும். பொருள் என்னவென்று பார்த்தேன்: மனச்சிதைவு நோயுற்றோரின் இரத்த உறவினரிடையே அந்நோய் காணப்படுவது பற்றியது. என் விரல்கள் சற்றே நடுங்கின.

ஆய்வுக் கட்டுரை ஒன்றை அனுப்புவது எத்தகைய செயல் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆசிரியர் தமக்குத் தோன்றியதை எழுதிவிட முடியாது. எவரிடம் கேட்டார், எவ்வாறு கேட்டார், எத்தனை பேர் விடை தந்தனர் என்பதையெல்லாம் முதலில் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். இதழாசிரியர் அதனை அத்துறை வல்லுநர் இருவருக்கோ மூவருக்கோ அனுப்புவார். அவர்கள் குற்றம் குறை ஆராய்ந்து கேள்விகளை எழுப்புவர். நோயாளிகளின் பெயர் எங்கும் வராது. வெறும் எண்களே வரும். அந்த எண்களைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம், இவற்றுள் ஒவ்வொன்றின் பின்னும் எங்கள் வீட்டைப் போல ஒரு வீடு இருக்கின்றதே என்று எண்ணிக்கொள்வேன்.

வான் அஞ்சலில் சென்ற கட்டுரை சில மாதங்களில் திரும்பி வந்தது. மறுப்பு அன்று, கேள்வி. "குடும்ப வரலாற்றை ஒரே ஓர் உறவினரிடம் மட்டும் கேட்டீர்களா? அவர்கள் உண்மை சொன்னார்கள் என்பதை எவ்வாறு உறுதி செய்துகொண்டீர்கள்?" இதுவே அதன் சாரம். மருத்துவர் அதை எனக்குப் படித்துக் காட்டி, நகைத்துக்கொண்டே சொன்னார்: "சரியான கேள்வி, தம்பி. மக்கள் மறைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் மணமாகாத பெண் இருப்பாள், ஊர்வாய்க்கு அஞ்சுவார்கள். ஆனால் அவர்கள் 'இல்லை' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் என் கணக்குத் தவறுகிறது. கணக்குத் தவறினால் நாளை வேறொரு நோயாளிக்குச் சொல்லும் விடையும் தவறும்."

அன்று பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொற்கள் என்னை உறுத்தின. என் தந்தையின் "இல்லை"யும், என் தலையசைப்பும் எங்கோ ஒரு கோப்பில் உறங்கிக்கொண்டிருந்தன. இரவு உணவுக்குப் பின் தந்தையிடம் மெல்லச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அவளை மண்ணுக்குள் மரியாதையோடு வைக்க வேண்டுமென்று நினைத்தேன். அதற்காக அவளுடைய நோயையும் சேர்த்துப் புதைத்துவிட்டேன்" என்றார். என் தந்தை அழுததை அன்றுதான் நான் கண்டேன்.

அடுத்த மாதம் அண்ணனுக்கு மருந்து வாங்கச் சென்றபோது, தந்தையே அவருடைய மருத்துவரிடம் அத்தையின் கதையைச் சொன்னார். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. கோப்பை எடுத்து ஒரு வரியைத் திருத்தி எழுதினார். அவ்வளவே. பின்னர் என் அன்னையை நோக்கி, "அம்மா, இந்நோய் நீங்கள் வளர்த்த முறையினால் வந்ததன்று. குருதி வழியே வரும் ஒரு சாய்வு இதில் இருக்கின்றது. எவரும் செய்த குற்றமன்று" என்றார். நான்காண்டுகளாகத் தாம் சுமந்த பழியை என் அன்னை அந்த நாற்காலியிலேயே இறக்கி வைத்தார்.

தாயின் மீது பழி போடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமன்று என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கற்றறிந்த மருத்துவர்களிடையேயே, மனச்சிதைவை விளைவிக்கும் தாய் என்றொரு கருத்து எழுந்து, பல்லாண்டு காலம் அன்னையரை வாட்டியது. அதனை அசைத்தவற்றுள் ஒன்று, 1966ஆம் ஆண்டில் லெனார்டு ஹெஸ்டன் என்னும் மருத்துவர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை. மனச்சிதைவு நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை அவர் ஆராய்ந்தார். அவர்களுள் 5 பேருக்கு அந்நோய் வந்தது. அவ்வாறே பிரிக்கப்பட்டு வளர்ந்த, நோயற்ற தாய்மாரின் பிள்ளைகள் 50 பேருள் ஒருவருக்கும் வரவில்லை. வளர்ப்பில் நோயுற்ற தாய்க்குப் பங்கே இல்லாதபோதும் நோய் வந்ததென்றால், தாயின் வளர்ப்பைக் குற்றம் சொல்வது எங்ஙனம்? அதே கட்டுரை மற்றொன்றையும் சொல்கின்றது: 47 பேருள் 42 பேருக்கு அந்நோய் வரவில்லை. மரபு என்பது ஒரு சாய்வே ஒழிய, தீர்ப்பன்று.

நம் மண்ணிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்தன. வேலூர், சென்னை, இலக்னோ ஆகிய மூன்று நகரங்களில் 386 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கட்டுரை, 1989ஆம் ஆண்டில் பிரித்தானிய மனநோய் மருத்துவ இதழில் வெளிவந்தது. காலம் தாழ்த்தாமல் சிகிச்சைக்கு வந்து, மருந்தை ஒழுங்காக உட்கொண்டோர் நல்ல பயன் பெற்றனர் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ஆம் ஆண்டில் தோற்றுவித்த மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், ஆஸ்திரேலிய அறிஞர்களுடன் இணைந்து 2019ஆம் ஆண்டில் மற்றுமொரு கட்டுரையை வெளியிட்டது. நோயாளிகளும் அவர்தம் உறவினரும் பிறருமாக மூவாயிரம் பேரளவில் நம் நாட்டு மக்கள் தந்த குருதியிலிருந்து, நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் பயன்படுத்தும் முறையோடு தொடர்புடைய ஒரு மரபணுவுக்கு இந்நோயில் பங்கு இருக்கலாம் என்று அது சுட்டியது. அச்செய்தியைப் படித்தபோது நான் மரபணுவைப் பற்றி எண்ணவில்லை. கை நீட்டிக் குருதி தந்து, "ஆம், எங்கள் குடும்பத்தில் இருக்கின்றது" என்று சொன்ன அந்த உறவினர்களையே எண்ணினேன். என் தந்தை ஒருமுறை சொல்லத் தயங்கியதை அவர்கள் சொன்னார்கள்.

மறைப்பதன் விலை எத்தகையது என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கின்றது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்பி ஓட வழியின்றி மாண்டனர். அவர்களும் ஏதோ ஓர் இல்லத்தின் பிள்ளைகளே.

என் பாட்டி சொன்னதைப் பலமுறை எண்ணிப் பார்க்கின்றேன். அத்தையின் ஆவி பிடித்தது என்றார். அத்தைக்கும் அண்ணனுக்கும் தொடர்பு உண்டு என்பதை அந்த எழுத்தறியாத மூதாட்டி எப்படியோ கண்டுகொண்டிருந்தார். ஆனால் அது ஆவியன்று. உடல் வழி வந்த நோய். அந்த உண்மையை வீட்டுக்குள் பேயென்று அஞ்சினோம். மருத்துவரிடமோ இல்லையென்று மறைத்தோம்.

திருச்சபையும் தன் பிள்ளைகளின் துயரைக் கனிவோடு நோக்கியது. 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத்தொகுப்பில், தன்னுயிரை மாய்த்துக்கொண்டோருக்கு அடக்கம் மறுக்கும் விதி இடம்பெறவில்லை. கடுமையான மனநோய் அத்தகைய செயலின் பொறுப்பைக் குறைக்கின்றது என்று 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் தெளிவாகக் கூறுகின்றது. இந்தக் கனிவு அந்நாளிலேயே இருந்திருந்தால் என் தந்தை பொய் சொல்ல நேர்ந்திராது.

அண்ணன் மருந்தை விடாது உட்கொண்டு, மீண்டும் கணக்கெழுதி, 2012ஆம் ஆண்டில் தம் அறுபத்து இரண்டாம் வயதில் இயற்கையாகக் கண் மூடினார்.

இவற்றையெல்லாம் கேட்டு முடித்த என் பேத்தி, "அப்படியானால் எனக்கும் வருமா, தாத்தா?" என்றாள். நான் அஞ்சிய கேள்வி அதுதான். "பெரும்பாலும் வராது, அம்மா. வந்தாலும் மருந்து இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். உறக்கம் கெட்டாலோ, மனம் அஞ்சினாலோ மறைக்காதே, அது ஒன்றே போதும்" என்றேன். அவள் என் கையைப் பற்றிக்கொண்டு, "அத்தைப் பாட்டியின் பெயர் என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன். எங்கள் இல்லத்தில் நெடுங்காலமாக உரக்கச் சொல்லப்படாத பெயர் அது. அடுத்த திருநாளுக்குள் சிலுவையில் தேய்ந்த எழுத்துகளைப் புதுப்பித்துவிட வேண்டுமென்று அவளே முடிவு செய்திருக்கின்றாள்.

அன்பர்களே, மருத்துவர் உங்களிடம், "குடும்பத்தில் வேறு எவருக்கேனும்?" என்று கேட்கும் நாள் வரக்கூடும். அப்போது உங்கள் நாவில் வரும் ஒரு சொல்லில் உங்கள் பிள்ளையின் சிகிச்சையும், காணாத வேறு பல பிள்ளைகளின் நலமும் அடங்கியிருக்கின்றன. அஞ்சாமல் உண்மையைச் சொல்லுங்கள்.